பஃபி – ஏஞ்சல் க்ராஸ்ஓவர் எபிசோட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ அமெரிக்காவில் 1997 மார்ச் 10 முதல் 2003 மே 20 வரை ஓடியது. மொத்தம் 144 எபிசோட். சன்னிடேல் என்ற ஊரில் காட்டேரிகளை வேட்டையாடும் ‘ஸ்லேயர்’ பஃபியின் கதை. அதில் வந்த ஏஞ்சல் என்ற ஆன்மா உள்ள ரத்தக்காட்டேரியை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பி, அவனுக்கென்றே 1999 அக்டோபர் 5இல் தொடங்கிய தொடர் ‘ஏஞ்சல்’. அது 110 எபிசோடுடன் 2004 மே 19 அன்று முடிந்தது. பஃபியை உருவாக்கியவர் ஜாஸ் வீடன். ஏஞ்சலை அவரும் டேவிட் கிரீன்வால்ட்டும் சேர்ந்து உருவாக்கினார்கள். நான்கு ஆண்டுகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி ஓடின. ஒரு வீட்டில் அடித்த கதவு மறு வீட்டில் கேட்கும். ஒரு தொடரின் கதையும் ஆட்களும் மற்றதற்குள் வரும் அந்த க்ராஸ்ஓவர் எபிசோட்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

குறியீடு: ப 4-8 என்றால் பஃபி நான்காம் சீசன் எட்டாம் எபிசோட். ஏ 1-8 என்றால் ஏஞ்சல் முதல் சீசன் எட்டாம் எபிசோட்.

முதல் ஐந்து கேள்விகள் பார்க்கும் வரிசை பற்றியவை. அவற்றில் கதையைக் கூடியவரை உடைக்கவில்லை. ஆறாவது கேள்வியிலிருந்து எல்லாமே ஸ்பாய்லர்.

1. ஏஞ்சலை எப்போது தொடங்க வேண்டும்?

பஃபி மூன்று சீசன் முடிந்த பிறகு. அதற்கு முன்னால் தொட வேண்டாம். ஏஞ்சல் ஏன் ஊரை விட்டுப் போனான், அவன்மேல் இருக்கும் சாபம் என்ன, பின்னால் அவனோடு வேலை செய்யும் கார்டீலியா எப்படிப்பட்ட பெண், வெஸ்லி எவ்வளவு கோழையாக அறிமுகமானவன் என்பதெல்லாம் அந்த மூன்று சீசனில்தான் இருக்கிறது. வெஸ்லி ஏ 1-10இல் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போது சிரிப்பு வர வேண்டுமென்றால் பழைய வெஸ்லியைத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்ததால், பள்ளி வன்முறையைத் தொட்ட இரண்டு எபிசோட்களைச் சேனல் தள்ளிப்போட்டது. சீசனின் கடைசி எபிசோடான ‘கிராஜுவேஷன் டே’ இரண்டாம் பாகம் ஜூலை 13க்குப் போனது. ‘இயர்ஷாட்’ செப்டம்பர் 21க்குப் போனது. ஒளிபரப்பான தேதிப்படி அடுக்கிய பட்டியலை நம்பினால் ‘இயர்ஷாட்’ சீசன் முடிந்த பிறகு வந்து நிற்கும், கதை குழம்பும். அதன் சரியான இடம் ப 3-18.

2. ப 4 – ஏ 1, ப 5 – ஏ 2: எந்த வரிசை?

இதைவிட எளிய வரிசை கிடையாது. இந்த இரண்டு ஆண்டுகளும் டபிள்யூபி சேனலில் செவ்வாய் இரவு 8 மணிக்குப் பஃபி, 9 மணிக்கு ஏஞ்சல். இரண்டிலும் சீசனுக்கு 22 எபிசோட். ஒரே எண் கொண்டவை ஏறக்குறைய எப்போதும் ஒரே இரவில் வந்தன. எனவே ப 4-1, ஏ 1-1, ப 4-2, ஏ 1-2 என்று ஒன்று மாற்றி ஒன்று பார்த்துக்கொண்டே போகலாம். பஃபிதான் எப்போதும் முதலில். ஏ 2-22 வரை இந்த விதி ஓரிடத்திலும் தவறாது.

ஒரு சீசனை முழுதாக முடித்துவிட்டு மற்றதற்குப் போகிறேன் என்றால் என்ன கெடும்? உதாரணத்துக்கு, ஏ 1-3இல் வரும் ஸ்பைக் என்ற காட்டேரி யாரையும் கொல்லக்கூடியவன். நான்கே வாரத்தில், ப 4-7இல், அவன் தலையில் ஒரு சிப் வைக்கப்படுகிறது. அதன்பிறகு அவனால் மனிதரைத் தொட முடியாது. பஃபி நான்காம் சீசனை முடித்துவிட்டு ஏ 1-3க்கு வருபவர், சிப் எங்கே போனது என்று விழிப்பார்.

3. ப 6 – ஏ 3?

2001இல் பஃபி யூபிஎன் சேனலுக்குப் போய்விட்டது. ஏஞ்சல் டபிள்யூபியிலேயே தங்கித் திங்கட்கிழமைக்கு நகர்ந்தது. பஃபி அதே செவ்வாய். ஆகவே இந்த ஆண்டு வரிசை தலைகீழாகிறது, ஏஞ்சல் முதலில் வரும். கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் நான்கே எபிசோட்: ஏ 3-4 (அக்டோபர் 15), ப 6-4 (16), ஏ 3-5 (22), ப 6-5 (23). மற்றவற்றை எப்படிப் பார்த்தாலும் பெரிய சேதமில்லை.

4. ப 7 – ஏ 4? இங்குதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

ஆமாம், ஏனென்றால் இங்கே ஒளிபரப்புத் தேதியே தவறான வரிசையைக் காட்டும். ப 7-17இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஏஞ்சல் குழுவின் ஃபிரெட் ஃபோன் செய்ய, பஃபியின் தோழி வில்லோ கிளம்பிப் போகிறாள். அவள் போய்ச் சேர்வது ஏ 4-15. ஆனால் ஏ 4-15 ஒளிபரப்பானது 2003 மார்ச் 19. ப 7-17 வந்ததோ மார்ச் 25. அதாவது வில்லோ வந்து வேலையை முடித்துவிட்ட ஆறு நாள் கழித்துத்தான் அவளுக்கு அழைப்பு வருகிறது. கதைப்படி சரியான வரிசை இது:

ஏ 4-13, ஏ 4-14, ப 7-17, ஏ 4-15, ப 7-18.

அதன்பிறகு ப 7-19, ப 7-20 பார்த்துவிட்டு நிறுத்தவும். ஏ 4-16 முதல் 4-22 வரை மொத்தமாக முடிக்கவும். கடைசியில் ப 7-21, ப 7-22. ஏ 4-22இல் கைமாறும் ஒரு பொருள்தான் பஃபியின் கடைசி எபிசோடையே தாங்குகிறது. அதைப் பார்க்காமல் போனால் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வி கடைசிவரை உறுத்தும்.

ஏ 5 முழுவதும் பஃபி முடிந்த பிறகு. ஏ 5-1இன் கடைசி நிமிடம் பஃபியின் முடிவை அப்படியே போட்டு உடைத்துவிடும்.

5. எனக்கு ஒரு தொடர்தான் பிடிக்கிறது. மற்றதில் எதை மட்டும் பார்த்தால் போதும்?

பஃபி மட்டும் பார்ப்பவர்களுக்கு: ஏ 1-3, 1-8, 1-18, 1-19, 2-7, 4-15, 4-22. ஏஞ்சல் மட்டும் பார்ப்பவர்களுக்கு: முதலில் பஃபியின் முதல் மூன்று சீசன், அதில் சலுகை இல்லை. பிறகு ப 4-8, 4-15, 4-16, 5-7, 7-21, 7-22. ஏ 4-15ஐத் தனியாகப் பார்ப்பவர் அந்தச் சீசனின் முன்கதைச் சுருக்கத்தை எங்காவது படித்துக்கொள்வது நல்லது. அந்தச் சீசன் ஒரே நீளக் கதை, நடுவில் ஏறினால் தலை சுற்றும்.

6. அந்தப் பேசாத ஃபோன் அழைப்பு என்ன?

ப 4-1இல் கல்லூரியில் முதல் நாள்களில் தவிக்கும் பஃபிக்கு ஒரு ஃபோன் வருகிறது. எடுக்கிறாள். மறுமுனையில் சத்தமில்லை. வைத்துவிடுகிறாள். அன்றிரவே ஒரு மணி நேரம் கழித்து, ஏ 1-1இல், ஏஞ்சல் ஒரு எண்ணைச் சுழற்றி அவள் குரலைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வைப்பதைப் பார்க்கிறோம். அவ்வளவுதான். இரண்டு தொடர்களுக்கும் இடையிலான முதல் க்ராஸ்ஓவர் இதுதான். ஒரு வசனம்கூட எழுதாமல் இரண்டு பேரின் தனிமையையும் சொல்லிவிட்டார்கள்.

இந்தத் தந்திரத்தைப் பிறகும் விடவில்லை. ஃபோன் என்றால் ஒரு பக்கத்து நடிகர் போதும். மற்றவர் செட்டுக்கு வர வேண்டியதில்லை, தேதி ஒத்துப்போக வேண்டியதில்லை. சேனல் பிரிந்த ஆண்டில் இதுவே உயிர் காத்தது. ஏ 3-4இன் முடிவில், செத்துப்போன பஃபி உயிரோடு வந்துவிட்டாள் என்ற செய்தியை வில்லோ ஃபோனில் சொல்கிறாள். ஆனால் நாம் பார்ப்பது ஃபோனைப் பிடித்திருக்கும் கார்டீலியாவை மட்டும்தான்.

7. ‘ஐ வில் ரிமெம்பர் யூ’வில் (ஏ 1-8) நடந்தது பஃபிக்கு ஏன் நினைவில்லை?

ப 4-8இல் ஏஞ்சல் திருட்டுத்தனமாகச் சன்னிடேலுக்கு வந்து பஃபியைக் காவல் காக்கிறான். அவளைத் தவிர எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். தேங்க்ஸ்கிவிங் விருந்தில் அவள் நண்பன் ஸாண்டர் உளறிவிடுகிறான். கோபத்தோடு அவள் லாஸ் ஏஞ்சலஸ் போவதுதான் ஏ 1-8.

அங்கே மோரா என்ற அசுரனின் ரத்தம் காயத்தில் கலந்து ஏஞ்சல் மனிதனாகிவிடுகிறான். ஒரு பகல் முழுக்க இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள். ஆனால் மனிதனான ஏஞ்சலுக்குப் பலம் இல்லை, அவனைக் காப்பாற்றப் போய்ப் பஃபி சாவாள் என்று தெரியவருகிறது. ஆரக்கிள்கள் என்ற மேலுலகத் தூதர்களிடம் போய், அந்த நாளையே விழுங்கச் சொல்லிக் கேட்கிறான். நாள் அழிகிறது, நினைவு அவனுக்கு மட்டும் மிஞ்சுகிறது. திரும்பவும் அதே அறை, அதே பேச்சு, ஜன்னலை உடைத்து வரும் அதே அசுரன். இம்முறை அவன் நெற்றியில் இருக்கும் கல்லை உடைத்தால் சாவான் என்று ஏஞ்சலுக்குத் தெரியும். மேசைக் கடிகாரத்தை எடுத்து ஒரே போடு. அழிந்த நேரத்துக்குக் கடிகாரமே ஆயுதமானதைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

க்ராஸ்ஓவராகப் பார்த்தால் இது பெரிய சாமர்த்தியம். நாள் அழிந்துவிட்டதால் பஃபி தொடரில் இதைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. பஃபி மட்டும் பார்ப்பவருக்கு ஒரு நட்டமும் இல்லை. இரண்டையும் பார்ப்பவருக்கோ, பிறகு ஏ 1-19இல் அவள் ஏஞ்சலிடம் எரிந்து விழும்போது, அவன் வாயை மூடிக்கொண்டு எதைச் சுமக்கிறான் என்று தெரியும்.

8. ஃபெய்த்தின் கதை எந்த எபிசோடிலிருந்து எந்த எபிசோடுக்கு?

ப 4-15, ப 4-16, ஏ 1-18, ஏ 1-19, ப 4-20. நடுவில் மற்ற எபிசோட்கள் வரும், அவற்றைத் தவிர்க்க வேண்டாம்.

எட்டு மாதக் கோமாவிலிருந்து விழித்த ஃபெய்த் (இவளும் ஒரு ஸ்லேயர்), பஃபியின் உடம்பைத் தன்னுடையதோடு மாற்றிக்கொள்கிறாள். மாற்றம் முறிந்ததும் ஊரை விட்டு ஓடி லாஸ் ஏஞ்சலஸ் போகிறாள். உல்ஃப்ராம் அண்டு ஹார்ட் என்ற வக்கீல் நிறுவனம் ஏஞ்சலைக் கொல்ல அவளை அமர்த்துகிறது. வெஸ்லியைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்கிறாள். கடைசியில் மழையில் ஏஞ்சலை அடித்துக்கொண்டே தன்னைக் கொன்றுவிடச் சொல்லிக் கதறுகிறாள். ஏ 1-19இல் அவளை ஏஞ்சல் தன் இடத்தில் வைத்துப் பாதுகாக்க, பழி தீர்க்கப் பஃபி வந்து நிற்கிறாள்.

இந்த ஐந்து எபிசோட்களை நாங்கள் எல்லாவற்றுக்கும் மேலே வைப்போம். ப 4-16 பார்த்தவருக்குப் பஃபியின் கோபம் முழுக்க நியாயம். ஏ 1-18 பார்த்தவருக்கு ஏஞ்சலின் இரக்கம் முழுக்க நியாயம். ஒவ்வொரு தொடரும் தன் நாயகன் அல்லது நாயகி பக்கம் நிற்க, இரண்டும் மோதும் இடத்தில் பார்ப்பவர் எந்தப் பக்கமும் சாய முடியாமல் நிற்கிறார். ஒரே தொடரில் இதைச் செய்திருந்தால் எழுத்தாளர் யாரோ ஒருவரைத் தவறாக்கியிருக்க வேண்டும்.

ஏஞ்சல் மன்னிப்புக் கேட்க வருவது ப 4-20. வந்த இடத்தில் பஃபியின் அப்போதைய காதலன் ரைலியோடு அடிதடி.

9. 2000 நவம்பர் 14 இரவு ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

அன்று 8 மணிக்கு ‘ஃபூல் ஃபார் லவ்’ (ப 5-7), 9 மணிக்கு ‘டார்லா’ (ஏ 2-7). முதலாவதை எழுதியவர் டக் பெட்ரி. இரண்டாவதை எழுதி இயக்கியவர் டிம் மினியர். இதில் யாரும் ஊர் விட்டு ஊர் போவதில்லை, சந்திப்பு எல்லாம் பழைய நினைவுகளில்தான்.

பஃபியில் ஸ்பைக் தன் கதையைச் சொல்கிறான். 1900, சீனா, பாக்ஸர் கிளர்ச்சி. ஒரு ஸ்லேயரைக் கொன்ற பெருமையோடு அவன், பக்கத்தில் ட்ரூசில்லா, டார்லா (ஏஞ்சலைக் காட்டேரியாக்கியவள்), ஏஞ்சலஸ் (ஆன்மா இல்லாத ஏஞ்சலின் பெயர்) என நான்கு காட்டேரிகள் தீக்கு நடுவே மெதுவாக நடந்து வருகிறார்கள். ஏஞ்சலஸ் முகம் மட்டும் சுண்டியிருக்கிறது. பொறாமை போலும் என்று நினைத்துக்கொள்கிறோம். கணக்குத் தெரிந்த ரசிகர்களுக்கு அங்கே ஒரு உறுத்தல்: ஏஞ்சலுக்கு ஆன்மா திரும்பக் கிடைத்தது 1898. இரண்டு வருடம் கழித்து இந்தக் கும்பலோடு இவனுக்கு என்ன வேலை?

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வருகிறது. ஆன்மா வந்த பிறகும் டார்லாவை விட முடியாமல், பழைய ஏஞ்சலஸ் போல நடித்துக்கொண்டு அவளிடம் திரும்பியிருக்கிறான். சந்தில் ஒளிந்திருக்கும் ஒரு மிஷனரிக் குடும்பத்தைப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் கண்ணில் படாமலிருக்க, சலிப்பாக இருக்கிறது கிளம்பலாம் என்று நடிக்கிறான். அதே நடை, அதே தீ, அதே முகம். இப்போது அதற்கு அர்த்தம் வேறு. ஸ்பைக்குக்கு அது வெற்றி ஊர்வலம், ஏஞ்சலுக்கு நரகம்.

1880 லண்டனிலும் இதே விளையாட்டு. ஸ்பைக் பார்வையில், கண்ணீரோடு ஓடும் வில்லியம் (மனிதனாக இருந்த ஸ்பைக்) தெருவில் யாரோ மூவர்மேல் இடித்துக்கொண்டு போகிறான். டார்லா பார்வையில், ட்ரூசில்லாவுக்கு ஒரு துணை தேடிக்கொள்ளச் சொல்லும்போது எதிரே வந்து இடிக்கிறான் ஒருவன்.

வரிசையை மாற்றி ‘டார்லா’வை முதலில் பார்த்தால் எல்லாம் புஸ். விடையைப் படித்துவிட்டு விடுகதை கேட்பது போல.

10. சேனல் மாறியதற்குக் காரணம் என்ன? அதனால் என்ன இழந்தோம்?

பணம். டபிள்யூபி கொடுக்கத் தயாராக இருந்ததைவிட அதிகமாக, ஒரு எபிசோடுக்குச் சுமார் 23 லட்சம் டாலர் என்று யூபிஎன் இரண்டு சீசனுக்கு ஒப்பந்தம் போட்டது. தயாரித்த நிறுவனம் ஒன்றுதான், டுவென்டியத் சென்ச்சுரி ஃபாக்ஸ் டெலிவிஷன். ஆனால் ஒரு சேனல் காசு கொடுக்கும் தொடர், எதிரிச் சேனலைப் பார்க்கும்படி ரசிகரைத் தள்ளிவிடுவதை யார் விரும்புவார்கள்?

இழந்தது அந்தச் சந்திப்பு. பஃபி செத்த செய்தியைச் சொல்ல வில்லோ நேரில் வந்தாள் (ஏ 2-22, இன்னும் ஒரே சேனல்). உயிர் பெற்ற செய்தி ஃபோனில். ப 6-4இன் முடிவில் பஃபி ஏஞ்சலைப் பார்க்கக் கிளம்புகிறாள், இரண்டு ஊருக்கும் நடுவே ஓரிடத்தில். ஏ 3-5 தொடங்கும்போது கார்டீலியாவும் வெஸ்லியும் அந்தச் சந்திப்பு எப்படி இருந்திருக்கும் என்று நடித்துக் கிண்டலடிக்கிறார்கள். ப 6-5இல் அவள் திரும்பிவிடுகிறாள். என்ன பேசினார்கள் என்பதை எந்தச் சேனலும் காட்டவில்லை. டார்க் ஹார்ஸ் 2002இல் ஒரு காமிக்ஸ் வெளியிட்டது, எழுதியவர் பஃபியின் எழுத்தாளர்களில் ஒருவரான ஜேன் எஸ்பென்சன். அதிலும் கதாபாத்திரங்கள் ஆளுக்கொரு விதமாகக் கற்பனைதான் செய்கிறார்கள்!

11. அந்தத் தாயத்து விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

4ஆம் கேள்வியில் சொன்ன பொருள் இந்தத் தாயத்துதான். ஏ 4-22இல் உல்ஃப்ராம் அண்டு ஹார்ட் சார்பில் லைலா அதை ஏஞ்சலிடம் கொடுக்கிறாள். ப 7-21இன் முடிவில் அவன் அதோடு சன்னிடேலில் நிற்கிறான். ப 7-22இல் பஃபி அதை ஸ்பைக்குக்குத் தருகிறாள். அவன் எரிந்து நரகவாயை (ஊருக்கடியில் நரகத்துக்குத் திறக்கும் வாசல்) மூடுகிறான், ஊரே குழிக்குள் போகிறது. ஏ 5-1இல் ஒரு உறையிலிருந்து அது ஏஞ்சலின் அலுவலகத் தரையில் விழ, ஸ்பைக் உருவாகி அலறுகிறான். கதையில் இடைவெளி 19 நாள். ஒளிபரப்பில் நாலரை மாதம்.

12. ஏஞ்சல் ஐந்தாம் சீசனில் பஃபி வருகிறாளா?

ஏ 5-20இல் ரோம் நகர நடன அரங்கில் ஒரு பொன்னிறக் கூந்தலின் பின்புறம் தெரியும். அது சாரா மிஷெல் கெல்லர் அல்ல. ஏஞ்சல் தொடரில் கதைக்குள் வந்து அவர் நடித்தது ஏ 1-8, ஏ 1-19 இரண்டில்தான். ஐந்தாம் சீசனில் பஃபியின் தரப்பிலிருந்து ஆண்ட்ரூதான் வருகிறான், 5-11இலும் 5-20இலும்.

13. ஒட்டாத இடங்கள் உண்டா?

தாராளமாக. மோசமானது 2003. ஏ 4-9இன் முடிவில் லாஸ் ஏஞ்சலஸில் சூரியனே அணைந்துபோகிறது. அதற்கு முன் வானத்திலிருந்து நெருப்பு மழை வேறு. காரில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் சன்னிடேலில் ஒருவரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை, பகல் வழக்கம்போல வருகிறது. இதற்குச் சமாதானம் தேடாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று, ப 2-3இல் ஸ்பைக் தன்னை உருவாக்கியவன் ஏஞ்சல் என்பது போலப் பேசுவான். ‘ஃபூல் ஃபார் லவ்’ அதை ட்ரூசில்லா என்று காட்டுகிறது. ட்ரூசில்லாவை உருவாக்கியவன் ஏஞ்சலஸ் என்பதால், அந்தச் சொல்லைப் பரம்பரை மூத்தவன் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகும்.

மாறாக, சின்ன விஷயங்களில் கச்சிதம். ஏ 2-11இல் ஏஞ்சல் ட்ரூசில்லாவைக் கொளுத்துகிறான். ஒரு மாதம் கழித்து ப 5-14இல் அவள் சன்னிடேலுக்கு வரும்போது தீக்காயம் ஆறாமலே இருக்கிறது.

14. எந்தப் பிரதியில் பார்ப்பது?

பஃபிக்குப் பழைய 4:3 சதுரச் சட்டம். பின்னாளில் வந்த அகலத்திரை எச்டி பதிப்பில் சட்டத்தை விரித்த இடங்களில் ஓரத்தில் படக்குழுவினரும் விளக்குகளும் தெரிகிறார்கள், மற்ற இடங்களில் தலை வெட்டுப்படுகிறது. அதைவிடக் கொடுமை, பகலில் எடுத்து இரவாக நிறம் மாற்றிய சில காட்சிகளில் அந்த நிறமாற்றமே விடுபட்டிருக்கிறது. காட்டேரி வெட்ட வெளிச்சத்தில் உலாவுகிறான், கையில் அமாரா மோதிரமும் இல்லை. (அது ஏ 1-3இல் பஃபியின் நண்பன் ஆஸ் தன் வேனில் கொண்டுவந்து கொடுக்கும் மோதிரம். அணிந்தவரைச் சூரியன் சுடாது. அதே எபிசோடில் ஏஞ்சல் அதை உடைத்துவிடுகிறான்.)

15. தொடர்கள் முடிந்த பிறகு?

காமிக்ஸில் தொடர்ந்தது. 2007இல் பஃபியின் எட்டாம் சீசன் டார்க் ஹார்ஸிடம், ஏஞ்சலின் தொடர்ச்சி ஐடிடபிள்யூவிடம். மறுபடியும் இரண்டு வீடு, நடுவில் சுவர். 2011இல் ஏஞ்சலும் டார்க் ஹார்ஸுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ‘ஏஞ்சல் அண்டு ஃபெய்த்’ வெளியானது. எட்டாம் சீசனை முடித்துவிட்டு அதைத் தொடங்கவும்.